இருபத்திரண்டாம் இடம்

பேக்கன் வறுக்கும்போது வடிகிற பன்றிக் கொழுப்பை வீணாக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். காலியான காப்பித்தூள் டின்னில் ஊற்றி ஆறவைத்தால் வெண்ணெய் மாதிரி உறைந்துவிடும். ரொட்டித் தட்டில் தடவ, முட்டை பொரிக்க, எல்லாவற்றுக்கும் ஆகும். என் கணவர் எய்னருக்கு அதில் வறுத்த உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் பொழுது விடியாது. அடுப்படி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். எதையும் கீழே கொட்டமாட்டேன், எதையும் திறந்து வைக்கமாட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, தம்பி. பின்னால் தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

காப்பிக்கு நன்றி. இந்தப் பை என் மடியிலேயே இருக்கட்டும், அதில் ஆயுதம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு கிழவி தானாக ஷெரிஃப் அலுவலகத்துக்கு வந்து, யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டும் என்று உட்கார்ந்தால் உங்களுக்கும் சங்கடம்தான். எனக்கு அதைவிடச் சங்கடம். உங்கள் முகத்தைப் பார்க்காமல் அந்த ஜன்னலைப் பார்த்துப் பேசினால் தப்பாக நினைக்காதீர்கள். வெட்கமாக இருக்கிறது.

என்னை உங்களுக்குத் தெரியும். கெட்டில் முனை மாநிலப் பூங்காவின் முகாம் பொறுப்பாளர் வெர்னா. நீங்கள் சின்ன வயதில் உங்கள் அப்பாவோடு மீன் பிடிக்க வந்து, மண் கால்களோடு குளியலறைக்குள் போய் என்னிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். வாங்காத பிள்ளை இந்த வட்டாரத்தில் இல்லை. எய்னர் கப்பலில் இரும்புத் தாது ஏற்றும் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டோம். சம்பளம் கிடையாது. பனி உருகியதிலிருந்து இலை உதிரும்வரை எங்கள் டிரெய்லர் வண்டியை நுழைவாயில் பக்கத்தில், முகாமின் முதலாம் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக விறகு விற்கவேண்டும், கழிப்பறை கழுவவேண்டும், தீ மூட்டும் வளையங்களில் சாம்பல் அள்ளவேண்டும், சத்தம் போடுகிறவர்களை அடக்கவேண்டும்.

முதலாம் இடத்தில் ஒரு குறை. வந்து போகிற வண்டிகள் எல்லாம் கழிவுத் தொட்டியைக் காலி செய்கிற குழி அதற்கு எதிரே இருக்கிறது. காற்று திரும்பினால் சாப்பிட முடியாது. ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் கண்ணில் படாது. எய்னர் அதையும் வேடிக்கையாக்கிவிடுவார். "சுப்பீரியர் ஏரிக்கரையில வீடு கட்டி ஊரான் பீயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற ஒரே ஜோடி நாமதான் கிழவி" என்பார்.

ஏரியைப் பார்த்த இடங்கள் நாலே நாலு. மூன்றில் டிரெய்லர் நுழையாது, மரம் இடிக்கும். நுழைகிற ஒரே இடம் இருபத்திரண்டு. ஆகஸ்ட் மாதத்தில் அது பிரிங்க்மன் குடும்பத்துக்கு. கர்ட், அவன் மனைவி டெனீஸ், மகள் ஹாலி. விஸ்கான்சினிலிருந்து வருவார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் முன்பதிவு திறக்கிற காலையில், கர்ட் விடியும் முன்பே எழுந்து கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவானாம். சட்டப்படி அது அவர்கள் இடம். இதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

எய்னருக்கு நுரையீரல் போய்விட்டது என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஜூலையில் சொல்லிவிட்டார்கள். இலை உதிர்வதைப் பார்ப்பாரா என்பதே சந்தேகம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கழிவுக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "வெர்னா, ஒரு வாரம் அந்த இருபத்திரண்டுல இருந்துட்டுப் போனா நல்லா இருக்கும்." அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

பூங்காவைக் கவனிக்கிற ரேஞ்சர் மார்லாவிடம் போனேன். "காலியானா உங்களுக்குத்தான், வெர்னா. கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பேன். ஆனா பணம் கட்டி வந்தவங்களை எந்திரின்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல" என்றாள். நியாயமான பதில்.

பிரிங்க்மன்கள் வந்திறங்கிய அன்று நானே போய்க் கேட்டேன். கையில் ஏலக்காய் ரொட்டி கொண்டுபோனேன். எங்கள் ஃபின்லாந்துக்காரர் வீடுகளில் செய்கிற பின்னல் ரொட்டி, உங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் மட்டும் இடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்றேன். எய்னரின் நிலைமையை முழுதாகச் சொல்லவில்லை. பிச்சை கேட்பது போலிருக்கும் என்று, "அவருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

கர்ட் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "ஐயோ வெர்னா, வேற எதை வேணும்னாலும் கேளுங்க. வருஷம் பூரா கூரை மேல ஏறித் தார் ஊத்துறவன் நான். இந்த ரெண்டு வாரத்தை நினைச்சுத்தான் மீதி நாளை ஓட்டுறேன்."

"அதுவும் அந்தக் குழி பக்கத்துலயா?" என்று டெனீஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு காட்டினாள். ஹாலி விழுந்து விழுந்து சிரித்தது. அப்போது அதற்கு ஏழு வயது.

நானும் சிரித்தேன். "சும்மா கேட்டுப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, "ஹாலி, வெறுங்காலோட நடக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? கண்ணாடி கிடக்கும்" என்று அதட்டிவிட்டு வந்தேன்.

அவர்கள் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. இதை நான் ஒன்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் ஐஸ் பெட்டியைப் பூட்டாமல் மேசை மேலேயே வைத்துவிட்டு நீந்தப் போயிருந்தார்கள். மார்லா பார்த்துவிட்டாள். எங்கள் பூங்காவில் உணவை வெளியே விட்டால் முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை மூட்டையைக் கட்டவேண்டியதுதான், மன்னிப்பே கிடையாது. கர்ட்டுக்கு எச்சரிக்கை கொடுத்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நான் பக்கத்து வளையத்தில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு தடவை என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அந்த வருடம் பின்பனியில் புளூபெரிப் பூ எல்லாம் கருகிவிட்டது. காட்டில் பழம் இல்லை. சனிக்கிழமை காலையில் மார்லா வந்து, மலைப்பாதைக் குப்பைத் தொட்டியை ஒரு கரடி உருட்டியிருக்கிறது, முகாமுக்குள்ளும் கால்தடம் இருக்கிறது என்றாள்.

"ஒவ்வொரு இடமா போய் வாயால சொல்லிடுங்க, வெர்னா. நோட்டீஸ் ஒட்டினா எவனும் படிக்கமாட்டான். கழிப்பறையில 'கதவை மூடவும்'னு ஒட்டியிருக்கேன், அதையே ஒருத்தரும் படிக்கறதில்ல."

நான் கிளம்பிச் சுற்றிவந்தேன். "எல்லாரையும் பாத்தாச்சா?" என்று மத்தியானம் கேட்டாள். "சுத்திட்டு வந்துட்டேன்" என்றேன்.

சனிக்கிழமைதோறும் பொழுது சாய்கிற நேரத்தில் ஏரிக்கரை மேடையில் தீ மூட்டி ரேஞ்சர் ஏதாவது பேசுவாள். ஆந்தை, நட்சத்திரம், கப்பல் மூழ்கிய கதை என்று. பிள்ளைகளுக்காக எல்லாரும் போவார்கள். முகாம் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் நான் அடுப்பில் டின்னைச் சூடாக்கி, கொழுப்பை இளக்கி எடுத்துக்கொண்டு இருபத்திரண்டுக்குப் போனேன். மேசைக்கடியில் கொஞ்சம், அங்கிருந்து கூடாரத்தின் ஓரம்வரை கொஞ்சம். துளிக்கூட மிச்சம் வைக்கவில்லை. ராத்திரியில் குப்பை கிளறுகிற ரக்கூன்கள் வந்து எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக் கிழிக்கும், காலையில் மார்லா பார்ப்பாள், மத்தியானத்துக்குள் அவர்கள் கிளம்பிவிடுவார்கள், சாயங்காலம் எய்னர் ஏரியைப் பார்ப்பார். என் கணக்கு இதுதான். யாருக்கும் அடிபடாத கணக்கு என்று அப்போது தோன்றியது. டின்னைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவைத்தேன்.

விடிந்து, நான் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தபோது சத்தம் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கர்ட் இரும்பு வாணலியால் கரடியின் தலையில் அடித்துக்கொண்டிருந்தான். சின்னக் கரடி. விலா எலும்பு தெரிந்தது. கடைசியில் விட்டுவிட்டு ஓடியது. அதை மறுநாள் பொறிவைத்துப் பிடித்துச் சுட்டுவிட்டார்கள்.

ஹாலி எல்லாருக்கும் முன்னால் எழுந்து கழிப்பறைக்குக் கிளம்பியிருக்கிறது. முகத்தின் இடது பக்கமும் இடது கையும். இதற்குமேல் என்னால் சொல்ல முடியாது. சொல்வதற்கு எனக்கு யோக்கியதையும் இல்லை. நான்தான் துண்டுகள் கொண்டு ஓடினேன். என்னிடம் எப்போதும் வெளுத்த துண்டுகள் இருக்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை பிள்ளை என் மடியில் கிடந்தது. டெனீஸால் பார்க்க முடியவில்லை. அது என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னது, "மிஸ் வெர்னா, நான் ஷூ போட்டுட்டுத்தான் வந்தேன்."

ஆமாம், போட்டிருந்தது. சிவப்பு ரப்பர் ஷூ.

மார்லா மண்ணை முகர்ந்து பார்த்தாள். மேசைக்கடியில் தொட்டு விரலைக் காட்டினாள். முந்தின நாள் காலையில் கர்ட் பேக்கன் வறுத்திருந்தான். முகாம் முழுக்க வாசனை வந்ததே, எல்லாருக்கும் தெரியும். டெனீஸ் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கொட்டினியா கர்ட்? சொல்லு. கொட்டலன்னு என் தலைமேல கையை வச்சுச் சொல்லு."

"காகிதத்துல துடைச்சுத் தொட்டிலதான் போட்டேன்னு... போட்டேன்னுதான் நினைக்கிறேன். வாணலி கை தவறி ஒருக்கா சாஞ்சுச்சு. தெரியல டெனீஸ். எனக்குத் தெரியல."

ஒரு நல்ல மனுஷன் எதையும் சத்தியம் செய்து சொல்லமாட்டான் என்று அன்று பார்த்தேன். நிச்சயமாகச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். இது எப்படி நடந்தது என்று மார்லா என்னிடம் கேட்டபோது, "நீங்களே ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிச்சீங்களே" என்றேன். அது உண்மை. உண்மையைத்தான் சொன்னேன் என்று வெகுகாலம் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு, அவர்கள் சாமான்களை எடுக்க கர்ட் தனியாக வந்த அன்று, என் கதவைத் தட்டினான். கண் வீங்கியிருந்தது. "வெர்னா, மார்லா சொல்றாங்க, கரடி சுத்துதுன்னு நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொன்னீங்களாம். எங்ககிட்டயும் வந்தீங்களா? எனக்கு ஞாபகமே இல்லையே?"

எய்னர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பிறகு சொன்னேன், "நீங்க கூடாரக் கயிறு கட்டிக்கிட்டிருந்தீங்க, கர்ட்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆமா, கட்டிக்கிட்டிருந்திருப்பேன்" என்றான். போய்விட்டான்.

இருபத்திரண்டாம் இடத்தை அந்த மாதம் யாரும் எடுக்கவில்லை. மார்லா மேல்மண்ணை வெட்டி அள்ளிப் புது மணல் போட்டுவிட்டு, "உங்களுக்கு மனசு ஒப்பினா எடுத்துக்குங்க" என்றாள். எடுத்துக்கொண்டோம். எய்னரை நாற்காலியோடு தூக்கி ஏரியைப் பார்க்க உட்காரவைத்தேன். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், தம்பி. அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் காலையில் வெண்ணெயில் வறுத்த உருளைக்கிழங்கைக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்டார், "டின் எங்க?"

"காலி."

"போன வாரம் நிறைய இருந்துச்சே."

"கெட்டுப் போச்சு. கொட்டிட்டேன்."

"நீயா?" என்றார். "நீ கொட்டினியா?"

நான் தட்டை எடுக்கப் போனேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காப்பி ஆறிப்போனது. பிறகு, "என்னை அந்த ஒண்ணாம் இடத்துக்கே கொண்டுபோயிடு, வெர்னா" என்றார். ஏரிக்காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மார்லாவிடம் சொன்னேன். அன்றே திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு அவர் என்னிடம் தண்ணீர் கேட்டார், போர்வை கேட்டார், மாத்திரை கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. என்னைக் கிழவி என்று கூப்பிடவில்லை. முதல் பனிக்கு முன்னால் போய்விட்டார், அந்தக் குழியைப் பார்த்தபடி. நோய் முற்றினால் மனிதர்கள் அப்படித்தான் ஆகிவிடுவார்கள் என்று நர்ஸ் சொன்னாள். நானும் அதையே வைத்துக்கொண்டேன்.

டெனீஸ் கர்ட்டை விட்டுப் போய்விட்டாள். மகளையும் கூட்டிப்போனாள். ஹாலி அப்பாவோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். மறு வருடம் ஆகஸ்டில் கர்ட் தனியாக வந்து மார்லாவிடம் ஒன்று கேட்டிருக்கிறான். சனிக்கிழமை மேடையில் பேச இடம் வேண்டும் என்று. அன்றிலிருந்து வருடம் தவறாமல் வருகிறான். நீங்களும் ஒரு தடவை கேட்டிருப்பீர்கள். கூரைக்காரன், பேசத் தெரியாதவன். தொப்பியைக் கசக்கிக்கொண்டே பேசுவான்.

"சாப்பாட்டை வெளியில விடாதீங்க. எண்ணெய் சிந்தினா மண்ணோட அள்ளுங்க. நான் அள்ளல. அதோ உக்காந்திருக்காங்களே, வெர்னா, அவங்க வீடு வீடா வர்ற மாதிரி வந்து கரடி சுத்துதுன்னு சொல்லியிருக்காங்க. நான் கயிறு கட்டிக்கிட்டே சரி சரின்னிருக்கேன். அது எனக்கு ஞாபகமே இல்லை. என் பொண்ணு உசுரு சம்பந்தப்பட்ட விஷயம், அது என் காதுல ஏறவே இல்ல. அதுதாங்க என்னைத் தின்னுது."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள், மரியாதையோடு. நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். பேச்சு முடிந்ததும் எல்லாருக்கும் ஏலக்காய் ரொட்டி கொடுப்பேன். கர்ட்டுக்குப் பெரிய துண்டாகக் கொடுப்பேன்.

அவனுக்கு ஞாபகம் இல்லாததற்குக் காரணம் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். நான் எல்லா இடத்துக்கும் போய்ச் சொன்னேன். இருபத்தொன்றில் சொன்னேன், இருபத்துமூன்றில் சொன்னேன். இருபத்திரண்டைத் தாண்டிப் போனேன். ஹாலி கையாட்டியது, நானும் கையாட்டினேன். சொன்னால் அவர்கள் எல்லாவற்றையும் பூட்டிவைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு எப்படி இடம் காலியாகும்? ரக்கூன் என்று முதலில் சொன்னேன். ரக்கூனைத்தான் நினைத்தேன் என்று இத்தனை வருடம் நம்பவும் செய்தேன். ஆனால் காலையில் கரடி இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, சாயங்காலம் கொழுப்போடு போனவள் நான்.

முந்தாநாள் சனிக்கிழமை கர்ட் பேசிக்கொண்டிருந்தபோது பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு முகத்தின் இடது பக்கத்தில் தீயின் வெளிச்சம் பட்டது. ஹாலி. பதினாறு வயது. அம்மாவின் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கர்ட்டின் பேச்சு நின்றுவிட்டது. அவள் நடந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

"போதும்ப்பா. இந்தக் கதையை இனிமே யாருக்கும் சொல்ல வேணாம்."

"ஹாலி, நான்..."

"நீ வேணும்னு பண்ணல. எனக்குத் தெரியும். இதைச் சொல்ல எனக்குத்தான் இவ்வளவு நாள் ஆச்சு. உன்மேல எனக்குக் கோபம் இல்லப்பா. விட்டுட்டேன்."

அந்தப் பெரிய உடம்பு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதது. அவளும் உட்கார்ந்து, சரியாக வளையாத அந்தக் கையை அவன் தோளில் போட்டுக்கொண்டாள். அங்கே அழாதவர்கள் யாரும் இல்லை. பிறகு அவள் என்னிடம் வந்தாள். "அன்னைக்குத் துண்டு கொண்டு வந்தது நீங்கதானே, மிஸ் வெர்னா? உங்க மடி சூடா இருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. தாங்க்ஸ்" என்றாள். ரொட்டியை வாங்கித் தின்றாள். நல்லா இருக்கு என்று இன்னொரு துண்டு கேட்டாள்.

அதையும் நானே வெட்டிக் கொடுத்தேன்.

ஏன் இப்போது வந்தீர்கள் என்று கதவருகே கேட்டீர்கள். கர்ட்டுக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்று சொன்னேன். அது பாதி உண்மைகூட இல்லை. ஒன்பது வருடம் அவன் கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு ரொட்டி சுட்டவளுக்குத் திடீரென்று நியாயம் எங்கிருந்து வரும்? அவன் அழுதபோது எனக்கு இரக்கம் வரவில்லை. வயிறு எரிந்தது. அந்த மன்னிப்பு வார்த்தையை அவள் தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டாள் என்று இருந்தது. அவன் ஒரு பாவமும் செய்யாதவன், அவனுக்கு அது எதற்கு? அதைத் தேடிக்கொண்டிருந்தவள் நான்.

எழுதிக்கொள்ளுங்கள். கொழுப்பை ஊற்றியது நான். கரடி இருக்கிறது என்று தெரிந்தே ஊற்றினேன். அவர்களிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னதாக அவனை நம்பவைத்தேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன், எங்கே உட்காரச் சொல்கிறீர்களோ உட்காருகிறேன்.

ஒன்றே ஒன்று, தம்பி. ஹாலி நாளைக்குத்தான் கிளம்புகிறாளாம், சாலையோர விடுதியில் அப்பாவோடு இருக்கிறாள். அவளை ஒரு நிமிடம் இங்கே வரச் சொல்ல முடியுமா? விடியற்காலையில் சுட்ட ரொட்டி இந்தப் பையில் இருக்கிறது, அவளுக்குப் பிடிக்கும்.